மஞ்சள் பூசிய கழுத்து

ஈர மரத்தடியின் வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது... கடல் உப்பும் புளித்த மரப்பாலும் கலந்த வாசம். மலேசியாவிலிருந்து கப்பலில் வந்த தடிகள் ராயபுரத்து மரத்தொட்டியில், அதாவது மர மண்டியில், மலை மாதிரி கிடக்கும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் போனில் தட்டுகிறாள். அந்தக் காலத்தில் என் வேலையே தடிகளைப் பிரிப்பதுதான். எது எந்த முதலாளிக்கு என்று வெட்டுமுகத்தில் பெயிண்ட் அடையாளம் இருக்கும். ஒரு கோடு அதிகம், ஒரு புள்ளி குறைவு... அதைப் பார்த்தே பிரிப்பேன்.

ஒரு நாள் தடிகளுக்கு நடுவே பெரிய கறுப்புப் பறவை ஒன்று. ஆட்டுக்குட்டி அளவு. அரிவாள் மாதிரி அலகு. கழுத்தில் அறுந்த நைலான் கயிறு... கப்பல்காரன் எவனோ கட்டி வளர்த்திருக்கிறான். கயிறு அழுத்திய இடத்தில் புண். வீட்டுக்குத் தூக்கி வந்து மீன் கூடையைக் கவிழ்த்து மூடினேன். என் சம்சாரம் மஞ்சளைக் குழைத்துக் கழுத்து முழுக்க அப்பிவிட்டாள்.

கூட வேலை பார்த்த கரீம் பாய் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா மாமு, இருவாச்சிய புச்சி வெச்சிகினு கீற? நம்ம காட்டுப் பட்சி, புச்சா கேஸு. உள்ள தூக்கி வெச்சிடுவானுங்கோ."

"நான் எங்க புச்சேன்... அதுவா வந்துச்சி பாய்."

"அத்த ஜட்ஜாண்ட சொல்லு."

மூன்று நாள்... ஜீப் சத்தம் கேட்டாலே கூடை மேல் சாக்கைப் போட்டு மறைத்தேன். வெளியே விட்டால் நாய் கடிக்கும், போய்ச் சொன்னால் ஜெயில். பறவை பப்பாளித் துண்டை மேலே வீசிப் பிடித்துத் தின்றது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ஜீப் நிஜமாகவே வாசலில் நின்றது.

காட்டு ஆபீசர் கூடையைத் தூக்கிப் பார்த்தார். "கழுத்து மஞ்சளா இருக்கே. நம்ம மலைக்காட்டு இருவாச்சிதான்." ஏதோ எழுதினார். மை டப்பாவைத் திறந்தார். "இதைப் பிடிச்சு வச்சிருந்தேன்னு எழுதியிருக்கு. கைநாட்டு வை."

இடது பெருவிரலை மை டப்பா வரை நீட்டினேன். தாளில் இருந்தது எனக்கு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான். ஆனால் பக்கத்தில் அவர் புத்தகம் விரிந்து கிடந்தது. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பறவைகள். இரண்டும் பெரிசு, இரண்டுக்கும் வெள்ளை வாலில் கறுப்புப் பட்டை. ஒன்றுக்குக் கழுத்து மஞ்சள், இறக்கையில் வெள்ளைக் கோடு. இன்னொன்றுக்குக் கழுத்து, இறக்கை எல்லாமே கறுப்பு, அலகு மேல் கொம்பு சுருண்டிருந்தது.

"சார், இது அந்தாண்ட பக்கத்துல கீற பட்சி சார்."

"கொம்பு எங்கய்யா?"

"குஞ்சு சார், இன்னும் மொளைக்கல. ரெக்கையில வெள்ள கீதா பாருங்க. கழுத்துல கீறது என் சம்சாரம் பூசுன மஞ்ச."

ஆபீசர் சிரிக்கவில்லை. "கழுவிக் காட்டு."

சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கையை நீட்டினேன். அலகு என் இடது பெருவிரலைக் கவ்வியது. இழுத்தால் விரல் போய்விடும். அப்படியே விட்டுவிட்டு வலது கையால் தேய்த்தேன்... மஞ்சள் தண்ணீர் ஓடியது, ரத்தமும் சேர்ந்து ஓடியது. அடியில் கறுப்பு. கரிச்சட்டிக் கறுப்பு.

வாசலில் நின்ற கரீம் பாய், "இன்னா மாமு, பட்சியாண்ட கைநாட்டு வெச்சிகினு கீற?" என்றார்.

ஆபீசர் புத்தகத்தையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தார். தாளைக் கிழித்தார். கப்பலில் வந்த வெளிநாட்டுப் பறவை, ஒப்படைத்துவிட்டேன் என்று வேறு எழுதி, வாய்விட்டுப் படித்தும் காட்டினார். இடது விரல் ரத்தமாக இருந்ததால் வலது விரலை வைத்தேன். பறவையோடு ஜீப் கிளம்பிப் போனது.

இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால்தான் அரிசி. மற்ற விரல்களின் ரேகையைத் தடி தேய்த்துவிட்டது. இடது பெருவிரலில் குறுக்கே அந்த அலகுத் தழும்பு. சிவப்பு விளக்கு எரிகிறது.

"பெருசு, இது உங்க வெரல் இல்லன்னுது" என்கிறாள் கடைப்பெண்.

விரலைத் துடைத்து மறுபடி வைக்கிறேன்... அன்றைக்காவது, கழுவிக் காட்டு என்று சொல்ல எதிரே ஒரு ஆள் இருந்தார்.