மூலைக்கல்லுக்கு ஒரு காசு

களுவாஞ்சிக்குடியில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். எதிர் வளவில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். பழைய மூலைக்கல்லைப் புரட்டிய மேசனின் கையில் களிம்பேறிய செப்புக்காசு ஒன்று. எந்த ஆண்டுக் காசென்று அறியும் ஆசையில் அவரருகே போகிறேன்.

"கழுவிப் பார்க்கலாமா?"

"அது மண்ணுக்குக் குடுத்த காசு தம்பி, நாம வெச்சிருக்கப்படாது." அதைக் குழிக்குள்ளேயே போட்டுவிடுகிறார். "புது வீட்டுக்குப் புதுக் காசு வேணும்."

வீட்டுக்காரப் பெண்ணின் கைப்பையில் தாள்கள் மட்டுமே இருக்கின்றன. என்னிடமிருந்த ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறேன். அதை வாங்குமுன் அந்தப் பெண் இருபது ரூபாய்த் தாளொன்றை என் கையில் திணிக்கிறார்.

"சும்மா வாங்கினா மறுகா வீடு உங்கடயாப் போயிரும்."

காசை வைத்துக் கல்லை இறக்குகிறார்கள். அப்போதுதான் உறைக்கிறது: என் நாணயத்தில் எந்த ஆண்டு பொறித்திருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.