அல்சர் என்று சொன்ன வெள்ளிக்கிழமைகள்

உட்கார முடியாமல் போன ஒரு மழைக்காலத்தைச் சொல்கிறேன், பிரியமானவர்களே. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொழிச்சலூரில் தெருவெல்லாம் தண்ணீர். எனக்கு நாற்பத்து நான்கு வயது. அந்தக் கோடையிலேயே மலம் கழிக்கையில் ரத்தம் போகத் தொடங்கியிருந்தது. மூலம் என்றே நினைத்தேன். பல்லாவரத்தில் ‘மூலம், பௌத்திரம்’ என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் களிம்பு வாங்கிப் பூசினேன். மாதங்கள் போயின. ரத்தம் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவரவர் பாரத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். என் முறை வந்தபோது, “அல்சர்” என்றேன். அந்த இடத்தின் பெயரைச் சபையில் எப்படிச் சொல்வது? சகோதரிகள் என் வயிற்றுக்காகக் கண்ணீர் விட்டார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மா சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஆசனவாயில் புற்றுநோய். வெளியே ரயில் போய்க்கொண்டிருந்தது. எனக்குள் எல்லாம் நின்றுவிட்டது.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். “முன்னெல்லாம் ஆசனவாயையே எடுத்துட்டு, மலம் போக வயித்துல பை வைப்போம். இப்ப மருந்தும் கரண்டும், அதாவது ரேடியேஷனும், சேர்த்துக் குடுக்கறோம். கட்டி கரைஞ்சா வெட்ட வேண்டியதில்லம்மா. ஆனா நடுவுல நிறுத்தக்கூடாது.”

முதல் வாரம் நான்கு நாள் இரவும் பகலும் மருந்து நரம்பில் சொட்டியது. கூடவே, சனி ஞாயிறு தவிர, தினமும் கரண்டு. மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண். கீழே தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே நெருப்பு. விஷயம் என் கணவருக்கு மட்டுமே தெரியும். கூட வந்துகொண்டிருந்த அவருக்கும் லீவு தீர்ந்துபோனது. திங்களன்று சிகிச்சைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆண்டவரே, தனியாக இதைத் தூக்க என்னால் ஆகாது என்று மட்டும் சொன்னேன். வேறு ஜெபம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாயில் உட்காராமல் சுவரோரம் நின்றேன். பம்மலில் மீன் விற்கும் மேரி அக்கா திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா நின்னுகினே கீற? குந்து.”

“முடியல அக்கா.”

“வவுத்து நோவுக்கு குந்த முடியாதா?”

என்னை அறியாமல் வாய் திறந்தது. “வயிறு இல்லக்கா. ஆசனவாய்ல கேன்சர்.”

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: “அடிப்பாவி. இத்தினி மாசம் எங்கள வவுத்துக்கு ஜெபிக்க வச்சிட்டியே. கர்த்தர் இன்னா நெனச்சிருப்பாரு?”

யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

“திங்கக்கெழம நான் வரேன். மீன் கூடைய என் மருமவ பாத்துக்குவா.”

வந்தார். மீதி நாட்கள் எல்லாம் வந்தார். ரயிலில் நான் நிற்க அவரும் நின்றார். வீடு திரும்பியதும் டாக்டர் சொன்னபடி டப்பில் இளஞ்சூடாக வெந்நீர் விளாவி என்னை அதில் உட்காரவைத்தார். ஐந்தாம் வாரம் மறுபடி மருந்து ஏறியபோது கட்டிலருகே தூங்கி விழுந்தபடியே ஜெபித்தார். இந்த முறை சரியான இடத்துக்கு.

கட்டி மெதுவாகத்தான் கரையும், அவசரப்படாதீர்கள் என்றார் டாக்டர். காத்திருந்தோம். ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்துச் சோதித்தவர், “கைக்கு ஒண்ணும் தட்டுப்படல” என்றார். கத்தி இல்லை. பை இல்லை. வருடங்கள் ஓடிவிட்டன. என் கர்த்தருக்கு நன்றி சொல்லித் தீரவில்லை.

கூச்சம் என்னை ஏறக்குறைய கொன்றுவிட்டது, சகோதரிகளே. அவர் உண்டாக்கிய உடம்பில் அவரிடம் சொல்லக்கூடாத இடம் எதுவுமில்லை. அவரை நம்பிச் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். சபையில் வாய் வராவிட்டால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன்.