நாள் தெரிந்த பிறகு வந்த தூக்கம்

லுங்தார் ஊரில் சுய்மென் வீட்டுக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. கணவர் இறந்த பிறகு அதைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டாள். "வர்றவர் தட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்பாள். கோழி கூவுமுன் எழுந்து வாசலைப் பெருக்கி, முகம் கழுவி, கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அந்நேரம் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிறைந்து, மலைமுகடுகள் தீவு தீவாக மிதக்கும். ஆண்டவர் வருவதென்றால் அந்த வெள்ளைக் கடல் வழியாகத்தான் வருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குப் பின்னால் ஸிங் வருவாள்.

ஸிங் அவளுடைய ஒரே மகள். சின்ன வயதில் காய்ச்சலில் போனவள். மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள் என்று அடக்கத்தன்று போதகர் சொன்னதைச் சுய்மென் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மகளுக்கென்று சிவப்புச் சால்வை ஒன்று நெய்து வைத்தாள். பிறகு, பரலோகத்தில் குழந்தைகள் வளருமா வளராதா என்று தெரியாததால், பெரிதாக இன்னொன்றும் நெய்தாள்.

அந்த வருஷம் காடு எரித்து, நிலம் கறுப்பாய் விதைக்குக் காத்திருந்தபோது, கணவரின் தம்பி லியான்தாங் ஒரு கனவு கண்டார். முதல் மழைக்கு முன் ஆண்டவரின் வருகைக்கான எக்காளம் தொனிக்கும் என்றது கனவு. பாதி ஊர் அவர் பின்னால் போயிற்று. ஜெபவீட்டில் மத்தளம் ஓயவில்லை. பன்றிகளை அடித்துச் சாப்பிட்டார்கள். வேலிகளைப் பிரித்து எரித்தார்கள். கடைசியில் விதைச்சோளத்துக்கும் முறை வந்தது.

விதைக்கதிர்களை நாங்கள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவோம், வண்டு அண்டாது. எந்தப் பஞ்சத்திலும் அதில் கை வைத்ததில்லை. அதை எல்லோரும் கொண்டுவந்து ஞாயிறு விருந்துக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், மிச்சம் வைக்கிறவர் வருகையை நம்பாதவர் என்று சொல்லிவிட்டார் லியான்தாங்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே வந்து அடுப்போரம் உட்கார்ந்தார்.

"அண்ணி, உங்க கதிரெல்லாம் இன்னும் மேலயே தொங்குதே."

"தொங்கட்டும். புகை அதுக்குப் புதுசா?"

"ஊர்ல எல்லாரையும்விட அதிகமாக் காத்திருந்தது நீங்க. கடைசி நேரத்துல சோளத்துக்கு ஆசைப்பட்டுப் பின்தங்கிடாதீங்க. ஸிங் வந்து தேடினா நான் என்ன சொல்றது?"

அந்தப் பேச்சு நேராக நெஞ்சில் போய் இறங்கியது. அவர் போன பிறகு கதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கூடையில் வைத்தாள். காலையில் கொடுத்துவிடுவது என்றே முடிவு.

விடியலில் வழக்கம்போல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். பனி ஏறிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சிறுமி குனிந்தும் நிமிர்ந்தும் நடந்து போனாள். குச்சியால் பனியில் குழி குத்தி, எதையோ போட்டு, காலால் மூடினாள். முகம் தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தாள் சுய்மென். வேலையாக இருக்கிறாளே என்று விட்டுவிட்டாள். சிறுமி போகப் போகப் பனி பச்சையாகிக்கொண்டே வந்தது.

கன்னத்தில் வெயில் சுட்டது. விழித்துக்கொண்டாள். தூங்கியிருக்கிறாள். இத்தனை காலத்தில் ஒரு விடியலில்கூடக் கண் அயராதவள்.

கூடையை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு கட்டுப் பூசணிக்கீரையோடு விருந்துக்குப் போனாள்.

"சோளம் எங்க?" என்றார் லியான்தாங்.

"வயலுக்குப் போகுது, தம்பி. என்னிக்கு வருவார்னு தெரியாதவரைக்கும் முழிச்சிருந்தேன். நீ நாள் சொன்ன, தூங்கிட்டேன். இந்த நாள் எனக்கு வேண்டாம்."

"மேல போறப்ப மூட்டையும் கட்டிக்கிட்டுத்தான் போவா போல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கூப்பிட்டா கூடையைக் கீழ வச்சுட்டு வர எவ்வளவு நேரமாகும்?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வயலில் வேலை ஓடவில்லை. ஒவ்வொரு குழிக்கும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். தப்பு செய்கிறேனோ, இதற்காகவே மகளை இழந்துவிடுவேனோ என்று பயந்தாள். குனிந்து விதையைப் போட்டாள். மறுபடி நிமிர்ந்தாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மழை வந்தது. எக்காளம் கேட்கவில்லை. சுய்மென் சந்தோஷப்படவில்லை. நனைந்தபடி கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் வயலோரத்தில் லியான்தாங்கின் மனைவி தியால் காலிக் கூடையோடு நின்றாள். சுய்மென் தன்னிடம் மீதியிருந்த விதையில் பாதியை அதில் கொட்டினாள்.

"அவன் எங்க?"

"போர்வையை இழுத்துப் போத்திட்டுப் படுத்திருக்கார்க்கா. யார் முகத்துலயும் முழிக்க முடியலையாம்."

"நாளைக்கு எழுந்து வரச் சொல்லு. உங்க வயல்ல குழி போட ஆள் வேணும்."

அன்று இருவரும் சுய்மென் வயலில் விதைத்தார்கள். கீழேயிருந்து பனி ஏறி வந்து வயலை மூடியது. அடுத்த வரிசையிலிருந்த தியால் மறைந்தே போனாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஆண்டவர் வர்றப்ப வயல்ல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தரைத்தான் எடுத்துக்குவார்னு வேதத்துல இருக்கே."

"இருக்கட்டும். மிஞ்சி நிக்கிறவ ரெண்டு வரிசையையும் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகட்டும்," என்றாள் சுய்மென், வானத்தைப் பார்த்துக்கொண்டே.