இரண்டு கம்பியும் ஒரே தோளில்

துறைமுகத்தில் நெட்டையன் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஆறடி இரண்டு அங்குலம், ஒட்டடைக்குச்சி உடம்பு. கப்பலில் அடுக்கிய சரக்குப் பெட்டிகளை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டும் வேலை, பத்தொன்பது வருஷமாக. அவன் சேர்ந்த புதிதில் எண்ணூறு பெட்டியோடு ஒரு கப்பல் வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். இப்போது வருவதெல்லாம் இருபத்து நாலாயிரம் பெட்டி ஏற்றுகிற ராட்சசன்! நானூறு மீட்டர் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை மெனக்கெட்டுத் தன் தெருவையே எட்டு வைத்து அளந்து பார்த்தான். சைக்கிள் கடையிலிருந்து பள்ளிக்கூடத்துச் சுவர் வரை அத்தனை வீட்டையும் தூக்கி உள்ளே வைத்தாலும் கப்பலில் இடம் மிச்சம். அந்த மலையை ஓட்டிப்போகிறவர்கள் மொத்தம் இருபத்தைந்து பேர். ஒரு பஸ்ஸில் ஏற்றினால் பாதி சீட் காலியாக இருக்கும்.

"அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கிக்குதுடா," என்பான்.

"உனக்கே சுளுக்குனா எங்க கதி என்ன மாமா?" என்பான் மைத்துனன்.

மைத்துனன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. மூன்று வருஷமாக இவனுக்கு ஜோடி. மனைவிக்கு அரை மனசு. "இருக்கறது ஒரே தம்பி. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்," என்று ஒரு தடவைதான் சொன்னாள். அது போதும், தினமும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அன்று மத்தியானம் முன்பக்கத்தில் வேலை. இரண்டு பக்கமும் ஐந்து பெட்டி உயரத்துக்குச் சுவர், நடுவில் ஒரு பெட்டி மட்டும் இறங்குகிற அகலத்தில் பள்ளம். அதன் அடியில், பெட்டியின் நாலு மூலையையும் பிடித்துக்கொள்ளும் பூட்டுக் கட்டைகளைப் பொருத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு மேலேயிருந்து கிரேன் பெட்டியை இறக்கும். ஓட்டுகிறவன் ஐம்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் இருக்கிறான். பெட்டி தொங்கும்போது அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் இவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. உள்ளே இறங்குகிறவன் கட்டை முறுக்கி இறுக்குகிற தன் முறுக்குக் கம்பியை, பள்ளத்துக்குப் பக்கத்து இரும்பு மேடையின் படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். கம்பி தொங்கினால் உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம். இல்லையென்றால் காலி. அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி ரேடியோவில் கிரேனுக்குச் சொல்லுவார்.

"மாமா, இன்னும் ரெண்டு பூட்டு பாக்கி. ஒண்ணு மக்கர் பண்ணுது," என்றான் மைத்துனன் பள்ளத்துக்குள்ளிருந்து.

"உன் கூட இருந்து உன் புத்தி வந்துருச்சு அதுக்கு. சீக்கிரம் முடிடா, அடுத்தது கப்பலோட கடைசிப் பக்கமாம்."

"அவ்வளவு தூரம் இந்தக் கம்பியச் சுமக்கணுமா? தோள்பட்டை விட்டே போச்சு."

"சரி சரி, ரெண்டையும் நானே தூக்கிட்டுப் போறேன். நீ மாப்பிள்ளை மாதிரி கைய வீசிட்டு வா."

கைப்பிடியில் தொங்கிய அவன் கம்பியைப் பாசத்தில்தான் எடுத்தான். சத்தியமாகப் பாசத்தில்தான்.

கடைசிப் பக்கம் போய்ச் சேர்ந்து கம்பிகளைக் கீழே போட்டான். 'டங்' என்றது. இன்னொரு 'டங்'.

இரண்டாவது சத்தத்தில்தான் அவனுக்கு உறைத்தது. அங்கே கைப்பிடி வெறுமையாக இருக்கிறது. மேஸ்திரி பார்த்திருப்பார். 'காலி' என்று கிரேனுக்குச் சொல்லியிருப்பார்.

திரும்பிப் பார்த்தான். தூரத்தில் கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே போன் கொண்டுவரக் கூடாது, அது துறைமுக கேட்டில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ரேடியோ மேஸ்திரி இடுப்பில். ஓரத்துக்கு ஓடிக் குனிந்து தொண்டை கிழியக் கத்தினான். கீழே கரையில் ஆட்கள் தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தார்கள். ஒருத்தன் இவனைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினான்!

ஓடினான். ஒரு ஆள் மட்டுமே போகிற நடைபாதை. பக்கத்தில் பெட்டி, பெட்டி, பெட்டி. எவ்வளவு ஓடினாலும் அதே பெட்டிதான் மறுபடி வருவதுபோல இருந்தது. எதிரே பெயின்ட் வாளியோடு ஒரு மாலுமி வந்தான். இவன் இடித்த இடியில் வாளி பறந்தது, அவன் புரியாத பாஷையில் திட்டியது முதுகுக்குப் பின்னால் தேய்ந்து போனது. நெஞ்சு எரிந்தது. இந்தப் பாழாய்ப் போன கப்பல் ஏன் இவ்வளவு நீளம்? யார் கேட்டது? எண்ணூறு பெட்டிக் கப்பலாக இருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்து அவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்திருப்பானே!

இரும்பு மேடையை எட்டியபோது பெட்டியின் அடிப்பாகம் பள்ளத்துக்குள் நுழைந்துவிட்டிருந்தது. ஐந்து மாடி உயரப் படி. கடைசிப் படிகளைக் கையும் காலுமாக ஏறி, கைப்பிடியைத் தாண்டி, பக்கத்து அடுக்கின் உச்சியிலேயே குதித்தான். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான்.

"டேய்! உள்ள ஆள் இருக்குடா! ஆள் இருக்கு!"

மேலே கிரேன் கூண்டின் ஒலிபெருக்கி அலறியது. "எவன்டா அது பெட்டி மேல? சாகறதுக்கு என் கிரேன்தான் கெடச்சுதா?"

பெட்டி நின்றது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே நின்றது.

கீழே, அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் உயரம்தான் மிச்சம். இருட்டு கவிந்ததும் நிமிர்ந்து பார்த்த மைத்துனன் படிக்கட்டைப் பார்த்துப் பாய்ந்திருக்கிறான். கட்டையில் கால் தடுக்கி இரும்பின் மேல் விழுந்து கிடந்தான். வலது கை முழங்கையில் தப்பான பக்கம் மடங்கியிருந்தது. நெட்டையன் படியிறங்கி ஓடிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய்... டேய்..." என்பதைத் தவிர வேறு எதுவும் வராமல் அழுதான்.

மேஸ்திரி முகம் வெளுத்து நின்றார். "பதினோரு நிமிஷம் கிரேன் நின்னுருக்கு. காரணம்னு என்னய்யா எழுதறது?"

"அவன் கம்பிய நான் எடுத்துட்டேன்னு எழுதுங்க."

"வேலை போயிரும்யா."

"எழுதுங்க."

அவர் எழுதினார். நெட்டையனின் நுழைவுச் சீட்டை வாங்கிக்கொண்டார். அவர்கள் ஆம்புலன்ஸில் ஏறும்போதே பின்னால் கிரேன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

கேட்டில் வண்டியை நிறுத்தி இருவர் போனையும் நெட்டையன் வாங்கினான்.

"மாமா," என்றான் மைத்துனன், பல்லைக் கடித்துக்கொண்டு. "கால் தடுக்கி விழுந்தேன்னு மட்டும் அக்காகிட்ட சொல்லு. பொய்யும் இல்லையே."

நெட்டையன் மனைவிக்குப் போனைப் போட்டான்.

"கம்பிய நான் எடுத்துட்டு வந்துட்டேன். அவன் உள்ள இருந்தான்."

இத்தனை வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள், கம்பி எதற்கென்று அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"உசுரு இருக்கா?"

"இருக்கு. கைதான்..."

"அவன்கிட்ட குடுங்க."

உடைந்த கையை மற்றக் கையால் தாங்கியிருந்த மைத்துனனால் போனைப் பிடிக்க முடியவில்லை. நெட்டையன்தான் அவன் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வண்டி குலுங்கும்போதெல்லாம் இன்னும் அழுத்திப் பிடித்தான். அவள் என்ன பேசினாள் என்று நெட்டையனுக்குக் கேட்கவில்லை. "ம்... ம்... இல்லக்கா... ம்," என்று தம்பி சொல்வது மட்டும் கேட்டது.