சுறா எண்ணெய் பூசிய மேல்வீடு

மாதா வீட்டுக்கு வருகிறா என்றால் வீட்டைத் துப்புரவாக்குவது எங்கள் குருநகரில் எல்லாரும் செய்கிற காரியம்தான். சிலர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சிலர் புதுத் திரைச்சீலை தைப்பார்கள். மேல்வீட்டுத் தரைக்குச் சுறா எண்ணெய் பூசியவர் என் அப்பா ஒருவர்தான். இன்றைக்கும் பழைய ஆட்கள் என்னைக் கண்டால், "உவள் சுறா எண்ணெய் வீட்டுப் பிள்ளையெல்லோ" என்கிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, கோயில் பூசையில் வாசகம் வாசிக்கிற அளவுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விட்டுப் போகவில்லை. போகவேண்டாம் என்றுதான் இப்போது நானும் நினைக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சண்டை ஓய்ந்து, கடலுக்குத் தடையில்லாமல் போக விட்ட முதல் வருடங்கள். எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட, ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. கீழே கல்வீடு, மேலே ஒரேயொரு பெரிய அறை. அந்த அறையின் தரை முழுக்க முதிரைப் பலகை. நல்ல மரம். ஆனால் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஆரோ அதன் மேல் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்றை அடித்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் தேமல் பிடித்த முதுகு மாதிரி அது உரிந்துகொண்டு கிடந்தது. கிழிந்த வலையும் கயிறும் போட்டு வைக்கிற இடமாக அதை விட்டுவிட்டோம்.

செபமாலை மாதத்தில் எங்கள் பகுதியில் மாதா சுருவம், மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரரே சுருவத்தைத் தூக்கிக்கொண்டு, பின்னால் சனம் மெழுகுதிரியோடு பாடிவர, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கொடுக்கிறது என்றால் வாசல் படலையில் நின்று நீட்டிவிட்டு வருவது அல்ல. கொண்டுபோகிறவர் உள்ளே போய், தன் கையாலேயே மேசையில் வைத்து, முதல் செபத்தையும் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதுதான் முறை.

அந்த வருடம் மழை முந்திவிட்டது. ஒழுங்கையின் ஒரு தலைப்பில் வெள்ளம் நின்றதால் சுருவம் வருகிற வழியை மாற்றினார்கள். மாற்றியதில், எங்களுக்கு முந்திய வீடு சின்னம்மாவின் வீடாகிவிட்டது.

சின்னம்மா என்றால் என் சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா அதற்கு இரண்டு வருடம் முந்திக் கடலில் போனவர். வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. அப்பாவும் அவரும் எப்போதும் ஒன்றாகத்தான் தொழிலுக்குப் போவார்கள். அன்றைக்கு மட்டும் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். உடல் இல்லாத அந்தச் செத்தவீட்டில் சின்னம்மா அப்பாவைப் பார்த்து, "நீங்கள் கூடப் போயிருந்தால் என்ரை மனிசன் வந்திருப்பார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவர் அப்பாவோடு கதைக்கவுமில்லை, எங்கள் வீட்டுப் படி ஏறவுமில்லை. அப்பாவும் அவருடைய வீட்டு வழியாகக் கடற்கரைக்குப் போவதை விட்டு, சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். நல்லது ஏதும் சமைத்தால் அம்மா என் கையில்தான் கொடுத்தனுப்புவார். சின்னம்மா அதை வாங்கி வைத்து, என் தலையைத் தடவி, அம்மாவின் சுகத்தை மட்டும் விசாரித்து அனுப்புவார்.

ஆகவே சுருவம் யாரிடமிருந்து யாரிடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒழுங்கை முழுக்க அதே கதைதான். படலையில் வேறு ஆரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று பாதிப்பேர் சொன்னார்கள். மற்றப் பாதிப்பேர் படலைக்கே வரமாட்டாள் என்றார்கள். அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு வந்து, அப்பாவுக்குச் சோறு போட்டபடி அழுதார்.

"மாதாவைப் படலையிலை வைச்சு வாங்கின வீடெண்டு எங்களுக்குப் பேர் வரப்போகுது."

அப்பா சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, "சுருவத்தை மேல்வீட்டிலை வைப்பம்" என்றார்.

"இஞ்சருங்கோ, கீழை ஹோல் இருக்கேக்கை என்னத்துக்கு மேலை? அந்த வலைக் குப்பைக்குள்ளையோ மாதாவை ஏத்திறது?"

"தரையைப் புதுசாக்கித் தாறன்."

மாதாவுக்கு உயரமான இடம் கொடுக்க ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்தேன். சுருவத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் தரையை மிதிக்கப் போகிறவர் சின்னம்மா என்று எனக்குத் தோன்றவேயில்லை. அப்பா கோயிலில் எப்போதும் கடைசி வாங்குப் பலகையில் இருக்கிற மனிதர். அவருக்கு இப்படி ஒரு பக்தி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம்.

அடுத்த நாள் அவர் தொழிலுக்குப் போகவில்லை. வலை, கயிறு எல்லாம் முற்றத்துக்கு இறங்கின. முதலில், மேலே எழும்பி நின்ற ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பலகைக்குள் இறக்கினார். பிறகு ஒரு பழைய யன்னல் கண்ணாடியை உடைத்து, அதன் கூரான விளிம்பால் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினார். நீலம் சுருள் சுருளாகக் கழன்று வந்தது. கண்ணாடி மழுங்கினால் வேறு துண்டு. அது முடிந்த பிறகு அரத்தாள், முதலில் முரடு, பிறகு மெல்லிசு. மரத்தின் இழை ஓடுகிற பக்கத்துக்குத்தான் தேய்க்கலாம். நான் ஒருக்கால் ஆசைக்குக் குறுக்கே தேய்த்துவிட்டு நல்ல ஏச்சு வாங்கினேன்.

முழங்காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் அந்த அறையை அங்குலம் அங்குலமாகக் கடந்தார். நீலம் போன இடமெல்லாம் தேன் நிறத்தில் மரம் வெளிக்கிட்டது. நான் அதில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்ப்பேன். பிள்ளையின் தோல் மாதிரி இருக்கும்.

பலகைகளுக்கு நடுவே சில இடங்களில் இடைவெளி விட்டிருந்தது. அதற்குள் பஞ்சை அடைத்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். வள்ளத்துக்குச் செய்கிற வேலை அது. அம்மா படியில் நின்று பார்த்துவிட்டு, "ஏனப்பா, மேல்வீட்டையும் கடலிலை இறக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

"ஓட்டை ஓட்டைதானே. தரையெண்டால் என்ன, வள்ளமெண்டால் என்ன" என்றார் அப்பா.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, ரவுணில் ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றவர். அவர் ஒரு வார்னிஷ் ரின்னோடு வந்தார்.

"அத்தான், இதை அடியுங்கோ. இண்டைக்கு அடிச்சால் நாளைக்கு முகம் பாக்கலாம்."

"முகம் பாக்கிறதுக்குக் கண்ணாடி கிடக்கு" என்றார் அப்பா. "உது மேலாலை நிக்கிற சாமான். மரத்துக்குள்ளை இறங்காது."

சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய், ஒரு பழைய கானைத் தூக்கிக்கொண்டு வந்தார். சித்தப்பாவும் அவரும் வள்ளத்துக்குப் பூசுவதற்கென்று எடுத்து வைத்திருந்த சுறா எண்ணெய். அம்மா "ஐயோ மாதாவே" என்றார். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா எண்ணெயைத் தரையில் ஊற்றிப் பழந்துணியால் பரப்பினார். மரம் குடித்தது. நிறம் இன்னும் ஆழமாகி, சந்தனமும் சிவப்பும் கலந்த மாதிரி வந்தது. அந்த அழகைக் கண்டதும் அவருக்குக் கை நிற்கவில்லை. திரும்ப ஊற்றினார். அதற்கு மேலும் ஊற்றினார்.

வள்ளம் என்றால் வெள்ளை மணலில், வெயிலிலும் காற்றிலும் கிடந்து காயும். மேல்வீட்டுக்குள் வெயில் ஏது? மழைக்கு யன்னல்களையும் சாத்தியிருந்தோம். விடியப் போய்ப் பார்த்தால் தரை பனம்பழப் பாணிப்பினாட்டு மாதிரி ஒட்டியது. மணமோ வீட்டை விட்டு ஒழுங்கைக்கும் இறங்கிவிட்டது. ஊர்ப் பூனைகள் எல்லாம், செபத்துக்கு முந்தி வந்து இடம் பிடிக்கிற சனம் மாதிரி, எங்கள் மாடிப்படியில் வரிசையாக வந்து குந்திக்கொண்டன. அம்மா சாம்பிராணி போட்டார். சுறாவும் சாம்பிராணியும் சேர்ந்த மணத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் மணந்ததில்லை.

"அக்கா, மேல்வீட்டிலை சுறா வறை வறுக்கிறியளோ?" என்று மாமா கீழே நின்று சத்தம் போட்டார். அப்பா கந்தல் துணியோடு முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டேயிருந்தார். துடைக்கத் துடைக்க எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

மத்தியானம் செபமாமி வந்தார். செபமாலைக் கூட்டத்தை நடத்துகிறவர். பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர்தான் செபமாமி. சீலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பாதிப்படி மட்டும் ஏறிப் பார்த்தார்.

"தங்கச்சி, மாதாவைக் கூப்பிட்டனீங்களோ, சுறாவைக் கூப்பிட்டனீங்களோ? குறை நினையாதை. இந்த முறை உங்களை விட்டிட்டு அடுத்த வீட்டை கொண்டுபோவம்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினார். கீழே ஹோலில் வைக்கலாம், கதவைச் சாத்திவிடலாம் என்றார். மேலே நின்று அப்பா, "மேலைதான்" என்றார். அம்மாவுக்கு அவரைக் கடித்துத் தின்னலாம் போலக் கோபம். செபமாமி கடைசியில் தன் தலையிலிருந்த பாரத்தைச் சின்னம்மாவின் தலையில் இறக்கி வைத்தார்.

"சுருவம் கொண்டு வாறவள் என்ன சொல்லுறாளோ, அதுதான். உள்ளுக்கு வந்தால் வைப்பம். இல்லையெண்டால் அங்காலை போவம்."

பின்னேரம் மழை விட்டிருந்தது. பாட்டுச் சத்தம் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அம்மா மெழுகுதிரியோடு படலைக்கு ஓடினார். நான் அவருடைய சீலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். முன்னுக்குச் சின்னம்மா வந்தார். வெள்ளைச் சீலை. சுருவத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். படலைக்கு வந்ததும் அவருடைய கால் நின்றுவிட்டது. பாட்டும் நின்றுவிட்டது. அம்மா மெழுகுதிரியை என்னிடம் தந்துவிட்டு, வாங்குவதற்கு ஆயத்தமாக இரண்டு கையையும் நீட்டினார்.

பின்னால் ஆரோ சிரித்தார்கள். செபமாமி, "பிள்ளை, இஞ்சை கொஞ்சம் மணக்குது, நாங்கள்..." என்று தொடங்கினார்.

சின்னம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். ஊரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவர் ஒருவர் மட்டும் அந்த மணத்தை நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஆர் பூசினது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அவர்தான்."

சின்னம்மா குனிந்து மாதாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் நீட்டிய கைகளைத் தாண்டி, நேரே முற்றத்துக்குள் நடந்தார். படிக்குக் கீழே கந்தல் துணியோடு நின்ற அப்பா சுவரோடு ஒதுங்கினார். அவரைப் பார்க்காமலேயே சின்னம்மா மேலே ஏறினார். பூனைகள் வழி விட்டன. சனம் முழுக்கப் பின்னால் ஏறியது.

மேசையில் சுருவத்தை வைத்து, அவர் முழங்காலில் நின்றார். நாங்களும் முழங்காலில் நின்றோம். சின்னம்மாதான் முதல் செபத்தைச் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் சொல்லி முடித்தார். அப்பா படித் தலைப்பில், அறைக்குள் வராமல் நின்றார்.

செபம் முடிந்து எழும்பியபோதுதான் கூத்து. சீலைகளும் சறங்களும் தரையை விட்டு வரமாட்டேன் என்றன. ஒவ்வொருவராக எழும்ப, சர், சர் என்று உரிகிற சத்தம். புதுக் காற்சட்டையோடு வந்த மாமா ஒரு முழங்காலை எடுத்துவிட்டு மற்றதை எடுக்க முடியாமல் தத்தளித்தார். செபமாமியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். மாதாவுக்கு முன்னால் சிரிக்கக்கூடாது என்று எல்லாரும் வாயைப் பொத்தினார்கள்.

சின்னம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். எண்ணெய் பிசுபிசுத்தது. படிப்பக்கம் திரும்பினார்.

"அத்தான்."

வாயைப் பொத்திய சனம் முழுக்கப் படிப்பக்கம் திரும்பியது.

"உந்த எண்ணெயை ஏன் குடம் குடமா ஊத்தினனீங்கள்? துணியிலை தொட்டுத் தொட்டுப் பூசவேணும், ஒண்டு காய்ஞ்சாப் பிறகுதான் மற்றது எண்டு அவர் உங்களுக்கு எத்தினை தரம் சொன்னவர்? வள்ளத்துக்கும் உப்பிடித்தான் செய்வியள். அண்ணைக்குப் பொறுமை இல்லையெண்டு வீட்டை வந்து என்னோடை கத்துவார். இப்ப பாருங்கோ, என்ரை சீலை நாசம்."

அப்பா வகுப்பில் பிடிபட்ட பெடியன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிழைதான்" என்றார்.

"நாளைக்கு யன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மரத்தூளைப் போட்டுத் துடையுங்கோ. நான் வந்து பாக்கிறன்."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் முழங்காலில் நின்று செய்த வேலை! ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, மாதாவுக்கு முன்னால் வைத்தே அப்பாவை ஏசிவிட்டாரே. யாராவது ஒருவர் அவருக்காகப் பேசவேண்டும் என்று, சனத்துக்குள்ளால் நுழைந்து குசினிக்கு ஓடினேன். அம்மா முதலே இறங்கிவந்து, வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சின்னம்மா எல்லாருக்கும் முன்னாலை அப்பாவை ஏசிப்போட்டா!"

அம்மா கேத்தலைக் கீழே வைத்தார்.

"ஏசினவவோ? அப்பாவையோ? என்னெண்டு கூப்பிட்டவ?"

"அத்தான் எண்டு. சீலை நாசமெண்டு ஏசினவ. நாளைக்கும் வருவாவாம்."

அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "மாதாவே, உமக்குத் தோத்திரம்" என்றார். பிறகு புகை பிடித்த குசினிச் சுவரில் சாய்ந்து, சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழத் தொடங்கினார். அழுகைக்குள் சிரிப்பும் வந்தது. நான் கோப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றேன். தன் மனிசனை ஏசினதுக்கு மாதாவுக்கு நன்றி சொல்லுகிற பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மாவுக்கு அப்பாவில் கொஞ்சமும் இரக்கம் இல்லை என்று முடிவுகட்டி, அன்று அவரோடு ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்தேன்.