கோட்டைக் கண்டால் ஓடிப்போகும் ரோபோ

சால்டரிங் புகையின் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்ற ஞாபகமெல்லாம் அப்புறம்தான்...

மரக்காணத்தில் எங்கள் வீட்டு ஹால். ஒயரை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் கம்பியின் சூடு ஆறிவிடும் என்று ஃபேனை நிறுத்தியிருப்போம். உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காற்றில் கழுத்தெல்லாம் பிசுபிசுக்கும். நானும் கலைச்செல்வியும் தரையில் குனிந்து உட்கார்ந்திருப்போம். இரண்டு பேரும் பாண்டிச்சேரி பக்கம் ஒரு காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம்.

அவள் வீடு உப்பளத்தை ஒட்டியே இருந்தது. அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் உப்பு வாரும் வேலை. அங்கே வைத்தால் செம்புக் கம்பியெல்லாம் சீக்கிரமே பச்சை பூத்துவிடுகிறது என்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள்.

நாங்கள் எடுத்த மினி ப்ராஜெக்ட் லைன் ஃபாலோயர் ரோபோ. வெள்ளைத் தரையில் போட்ட கறுப்புக் கோட்டைத் தானே பார்த்து, யாரும் தொடாமல் அதன் மேலேயே ஓடும் ஒரு சின்ன வண்டி. வீடியோவில் பார்த்தால் அரை மணி நேர வேலை போலத் தெரியும்...

முதல் தொல்லை எங்கள் வீட்டுத் தரை. மொசைக். வண்டியின் சென்சாருக்கு ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் ஒரு கோடு. எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டே நிற்கும்.

பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டோம். பின்பக்கம் நல்ல வெள்ளை. அதில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். ஈரக் காற்றில் வளைவு வந்த இடமெல்லாம் டேப் எழும்பிக்கொண்டது. ஒட்டுவோம், எழும்பும். மறுபடி ஒட்டுவோம்.

அம்மா ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போகும்போது சொல்வார்: "ஏம்மா ஷபானா, கால் வைக்க இடமில்ல. தொழுவணும், சீக்கிரம் சுருட்டுங்க."

டேப் ஒருவழியாக நின்றது. சுவிட்சைப் போட்டோம். வண்டி கோட்டுக்கு வந்தது, கோட்டைப் பார்த்தது, விருட்டென்று சோஃபாவுக்கு அடியில் போய்விட்டது. எத்தனை தடவை விட்டாலும் அப்படித்தான்.

"இன்னாடி இது, கோட்டைக் கண்டா ஓடிப்போவுது?" என்றாள் கலை.

"நீ மோட்டார் ஒயரை மாத்திக் கொடுத்திருக்க."

"நீ ப்ரோக்ராமை மாத்தி எழுதியிருக்க."

ஒரு சாயங்காலம் முழுக்க இதே சண்டை. ஒயரைத் திருப்பினோம். அவள் பாதி, நான் பாதி என்று பிரித்துக்கொண்டதில் நான் ப்ரோக்ராமையும் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. வண்டி மறுபடியும் சோஃபாவுக்கு அடியில்.

இதற்கிடையில் லேப் சார் எங்களைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை ரிவ்யூல ஓடலேன்னா விட்டுடுங்கம்மா. பசங்க டீம் ஒண்ணு நல்லா பண்றாங்க. அவங்களுக்கு ரிப்போர்ட் டைப் பண்ணிக் கொடுங்க, மார்க் போட்டுடறேன்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உதவி செய்வதுபோலத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. மரக்காணத்தில் கலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "நான் டைப் பண்ண மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒயரைப் பழையபடி மாட்டி, ப்ரோக்ராமை மட்டும் திருப்பியபடி விட்டதும், வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் வண்டி முழுச் சுற்று ஓடியது. தடுமாறித்தான்... ஆனாலும் ஓடியது. அம்மாவே அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை செமினார் ஹால். பெரிய பெரிய ஜன்னல்கள். தரையில் விரித்திருந்த டிராக் மேலேயே மதிய வெயில். சுவிட்சைப் போட்டோம். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எனக்கு அதைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாம் போலிருந்தது. கலை பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரைப் பார்க்கக் குனிந்தாள். அவள் நிழல் மேலே விழுந்தது. வண்டி கோட்டைப் பிடித்து நேராக ஓடியது. அவள் நிமிர்ந்தாள், மறுபடியும் சுற்றல். மறுபடி குனிந்தாள், ஓடியது.

"வெயில்டி," என்றாள். "சென்சார்ல வெயில் அடிக்குது."

சட்டென்று தன் துப்பட்டாவை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இரண்டு மடிப்பாகப் பந்தல் மாதிரி பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே வண்டியோடு இரண்டு பேரும் நடந்தோம். வளைவில் நாங்களும் வளைந்தோம். எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டோம். வண்டி முடிவுக்கோட்டைத் தாண்டி நின்றது.

சார் எழுந்து வந்தார். "தானா ஓடணும்னுதானே ப்ராஜெக்ட்? நீங்க ஏன் கூட வர்றீங்க?"

"நாங்க தொடலை சார்," என்றாள் கலை. "நிழல் மட்டும்தான் கொடுத்தோம்."

அவர் வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மேல ஒரு மூடி போட்டு எடுத்துட்டு வாங்க. அடுத்த வாரம் பார்க்கறேன்." ரிப்போர்ட் டைப் பண்ணும் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

கறுப்பு சார்ட் பேப்பரில் மூடி செய்தோம். அளவில் தகராறு, ஒட்டுவதில் தகராறு. அடுத்த வாரம் வண்டி தனியாக ஓடியது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றோம். சார் தலையாட்டினார். அவ்வளவுதான்... கைதட்டல்கூட இல்லை.

இப்போது சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் எனக்கு வேலை. அங்கே சரக்குப் பெட்டிகளை ரோபோக்கள்தான் தூக்கிப் போகின்றன. ஒன்று நின்றுவிட்டால் கம்ப்யூட்டரில் 'டிக்கெட்' என்று ஒரு புகார் போடுவேன். எந்த ஊரிலோ யாரோ சரி செய்வார்கள், அது நகர்ந்துவிடும். யார் செய்தார்கள் என்றுகூடத் தெரியாது.

கலை ஓசூரில் இருக்கிறாள். எப்போதாவது போன் பேசுவோம். பிள்ளைகள், ஸ்கூல், உடம்பு... ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

போன வாரம் அவளிடம் கேட்டேன், "இப்ப யார்கூட சண்டை போடற?"

"எங்கடி..." என்றாள். "எல்லாரும் உடனே ஓகே சொல்லிடறாங்க."