பொட்டலத்தின் மேல் எழுதிய குற்றம்

மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவரைத் தெருவே 'மீட்டர்' என்றுதான் கூப்பிடும். வீடு வீடாக நாய்க்கடி வாங்கியவர் வீட்டுக்கே ஒரு நாய் சட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் தோரணையைப் பார்த்து மனைவி வைத்த பெயர் தொரை.

தொரைக்குக் கோழிக்கறி, கடைத்தீனி எது போட்டாலும் உடம்பெல்லாம் அரித்துப் புண்ணாகிவிடும். காடைக்கறி மட்டுமே ஒத்துக்கொண்டது. அதற்காகவே மனைவி கொல்லையில் கூண்டு கட்டிக் காடை வளர்த்தாள். "முட்டை போடுறது நமக்கு, சும்மா கூவுறது தொரைக்கு" என்பாள். மிஞ்சிய காடைச் சேவல்களை அவளே அறுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கி, நாளுக்கொரு பொட்டலமாக ஃப்ரீசரில் அடுக்குவாள். அறுக்கிற நாளில் மீட்டர் கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவிவிடுவார். பெரிய வீரர்!

ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, உள்ளே இருப்பவன் செய்த குற்றத்தை எழுதுவாள். 'விடியறதுக்குள்ள கத்துனவன்.' 'முட்டையை மிதிச்சவன்.' 'பெட்டை தலையைக் கொத்துனவன்.'

"ஏன்டி, இதையெல்லாம் நாயா படிக்கப் போகுது?"

"காரணம் இல்லாம கொல்லலாமாங்க?" என்று சிரிப்பாள்.

ஒரு காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தாள். தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஃப்ரீசரில் முப்பத்தொரு பொட்டலம் இருந்தது.

முதல் பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்தார். பனி உருகியதும் மை கரைந்து, அவள் எழுத்து நீல நீராக ஓடிவிட்டது. அடுத்ததன் காகிதத்தை உரித்துக் காப்பாற்றப் பார்த்தார்; உறைந்து ஒட்டியிருந்தது கிழிந்துதான் வந்தது. மறுநாளிலிருந்து ஒரு பொட்டலத்தை மூன்று நாளுக்கு வைத்துக்கொண்டார். சோற்றை அள்ளி வைத்து, கறியைப் பேருக்குத் தூவினார். தொரை கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

கொல்லையிலோ சேவல்கள் பெருகி ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் மாதம் நாய் டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்துக் கடுகடுத்தார்.

"எலும்பு எண்ணலாம் போல இருக்கே! என்ன சார் குடுக்கறீங்க?"

"அவ குடுத்ததேதான் டாக்டர்."

அளவை மட்டும் விழுங்கிவிட்டார். சாமர்த்தியம் எங்கே வேண்டுமோ அங்கே இல்லாமல் போனதே, பாவி மனுஷா!

வீட்டுக்கு வந்ததும் அவள் காடை அறுக்கும் கத்தரிக்கோலோடு கூண்டைத் திறந்தார். கையில் பிடித்த சேவலின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விட்டுவிட்டார். அன்றைக்கும் தட்டில் அதே மூன்றில் ஒரு பங்குக் கறிதான்.

மறுநாள் காலை தொரையால் எழுந்திருக்க முடியவில்லை. பதறிப்போய் மூன்று பொட்டலத்தை ஒன்றாகப் பிரித்து, வெந்நீரில் சூடாக்கி, வாயருகே கொண்டுபோனார்.

"சாப்பிடுடா ராசா. எல்லாம் உனக்குத்தான்டா. எடுத்துக்கடா."

தொரை அவர் விரலை ஒரு முறை நக்கியது. மதியத்துக்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது.

கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு உள்ளே வந்தார். ஃப்ரீசரில் எட்டுப் பொட்டலம், எழுத்து கலையாமல் அப்படியே இருந்தது. அவளுடைய நீலப் பேனாவைத் தேடி எடுத்து, ஒரு காகிதத் துண்டைக் கிழித்தார். எழுதினார்:

'பசிச்சவனுக்குப் போடாம பத்திரப்படுத்துனவன்.'

அதை ஒன்பதாவதாக அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.